வாலி நின்ற தூணிலிருந்து: ஏற்காட்டுப் பயணத்தில் ஒரு கதை எடுப்பது எப்படி?

ஏற்காட்டுக்குப் போய்வந்து நான் எழுதிய முதல் கதையில் ‘பனி’ என்ற சொல் 14 இடங்களில் வந்திருந்தது. படித்துப் பார்த்த நண்பர் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டார். கடைசிப் பக்கத்தின் அடியில் “ஆள் எங்கே?” என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காதில் இளையராஜா, கண்ணெதிரே மூடுபனி, கையில் சூடான காபி. எனக்குள் என்னவோ பொங்கியது உண்மைதான். பொங்கியதை அப்படியே தாளில் ஊற்றினால் கதையாகிவிடும் என்று நம்பியதுதான் தப்பு. ஒரு பாட்டோ சிற்பமோ நமக்குள் கிளப்பும் உணர்ச்சி நம்மோடு தீர்ந்துபோகிறது. எழுதுகிறவனுக்கு உதவுவது அதன் கட்டுமானம். அது எதை மறைக்கிறது, எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, பார்க்கிறவனை எங்கே நிற்க வைக்கிறது என்று கவனித்து எடுத்து வர வேண்டும். சேலத்தையும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையையும் வைத்து இரண்டு மூன்று நாளில் அதைச் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன்.

மூட்டை கட்டும்போது

கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், பால்பாயின்ட் பேனா. மை பேனா வேண்டாம். மலை ஈரத்தில் தாள் நமுத்து எழுத்து ஊறிவிடும். கேட்க வேண்டிய பாட்டுகளை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டே இரண்டு போதும். வார நாளில் போங்கள். மே மாதக் கோடை விழா பார்க்க நன்றாயிருக்கும், எழுதப் போகிறவருக்கு ஆகாது.

மலை ஏறாதீர்கள், முதலில் தாரமங்கலம்

சேலத்தில் இறங்கியதும் எல்லோரும் மலைப் பக்கம் திரும்புவார்கள். நீங்கள் மேற்கே தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் பஸ் ஏறுங்கள். கெட்டி முதலிகள் கட்டிய கோயில். கல்லிலேயே செதுக்கிய சங்கிலியையும், யாளி வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும் உள்ளூர்க்காரர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். அதையும் பாருங்கள். ஆனால் நாம் வந்த வேலை மண்டபத்துத் தூண்களில் இருக்கிறது.

ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கு நிற்கிறார்கள். சற்றுத் தள்ளி வேறொரு தூணில் ராமன் வில்லோடு நிற்கிறான். ராமன் இருக்கும் தூணருகே நின்று பார்த்தால் சண்டை தெரியும். வாலி இருக்கும் தூணருகே போய்த் திரும்பிப் பாருங்கள்: ராமன் தெரியமாட்டான். மறைந்திருந்து எய்தான் என்பதைச் சிற்பி ஒரு முகபாவத்தாலும் சொல்லவில்லை, இரண்டு தூண்களுக்கு நடுவிலிருக்கும் இடத்தை வைத்துச் சொல்லிவிட்டான். கதையில் பார்வைக் கோணம் என்பதைப் பக்கம் பக்கமாக விளக்கும் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். இந்த மண்டபத்தில் பத்தடி நடந்தால் அது காலுக்கே புரிந்துவிடுகிறது.

இங்கே செய்ய வேண்டிய வேலை: முதலில் இரண்டு தூண்களையும் நோட்டில் வரையுங்கள். வரையத் தெரியாது என்பது சாக்கு. ஒரு கால் மணி நேரம் கோணல்மாணலாகக் கிறுக்கினாலே போட்டோ எடுக்கும்போது தப்பிப்போன இரண்டு மூன்று விஷயங்கள் கண்ணில் படும். பிறகு உங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத் தகராறோ, கல்யாணத்தில் வந்த மனஸ்தாபமோ, எதுவானாலும் சரி. யாருக்கு எல்லாம் தெரிந்திருந்ததோ அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்து அடி வாங்கியவர் நின்ற இடத்திலிருந்து ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் அவருக்குத் தெரியாத எதுவும் வரக்கூடாது. கை துறுதுறுக்கும், ‘பின்னால்தான் தெரிந்தது’ என்று ஒரு வாக்கியம் நுழையப் பார்க்கும். விடாதீர்கள். பெரும்பாலும் வாலியின் பக்கம்தான் கதையாகும். கம்பனே அம்பு பட்ட வாலியைத்தானே அவ்வளவு நேரம் பேசவிட்டான்!

அடிவாரத்து வளைவு

மறுநாள் காலை ஏற்காட்டுச் சாலை. ஊர் முடிவதற்குள் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு வரும். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இரண்டும் இங்கிருந்து வந்தவைதான். ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு நிற்கிறது.

இங்கே நின்று 1950-ல் வந்த ‘மந்திரி குமாரி’யை நினைத்துக்கொள்ளுங்கள். கலைஞர் மு.கருணாநிதியின் வசனம், ஜி.ராமநாதனின் இசை. கதையின் மூலம் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அதில் நமக்கு மிஞ்சியவை சில பாடல்களே. ஆனாலும் கொல்வதற்காக மலை உச்சிக்கு அழைத்துப் போன கணவனை, சுற்றி வந்து வணங்குவதாகச் சொல்லிப் பின்னாலிருந்து தள்ளிவிட்ட பெண் மட்டும் தொலையவில்லை. பௌத்தக் கதையிலிருந்து காப்பியத்துக்கு, காப்பியத்திலிருந்து நாடகத்துக்கு, நாடகத்திலிருந்து திரைக்கு அவள் நடந்து வந்திருக்கிறாள்.

திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த மலை உச்சிப் பாட்டை மூன்று முறை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கண்ணை மூடிக் கேளுங்கள். நிலா வெளிச்சத்தில் உலாவப் போகும் காதலர் என்றே தோன்றும். இரண்டாம் முறை ஒலியை அடைத்துவிட்டு, எஸ்.ஏ.நடராஜனையும் மாதுரி தேவியையும் மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை இரண்டும் சேர்த்து. மெட்டு ஒன்று சொல்கிறது, போகிற பாதை வேறொன்று சொல்கிறது. பயமுறுத்தும் இசை போட்டிருந்தால் அந்தக் காட்சி இத்தனை வருடம் நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

இதிலிருந்து எடுக்க வேண்டியது மலை உச்சியை அல்ல, அந்த முரணை. ஒரு சமையலறையில் இரண்டு பேரை நிறுத்துங்கள். பேச்சு முழுக்க அன்பாக இருக்கட்டும்: “இன்னொரு தோசை வச்சுக்கோங்க”, “நீ சாப்பிட்டியாம்மா?” என்று. ஒருவர் மனதில் மட்டும், நாளைக் காலை இந்த வீட்டைவிட்டுப் போவதாக முடிவு. அந்த முடிவைக் கதையில் ஒரு வார்த்தையாலும் சொல்லாதீர்கள். படிப்பவருக்கு அது தோசைத் திருப்பியின் சத்தத்தில் கேட்க வேண்டும்.

இருபது வளைவு, ஒரே வாக்கியம்

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் ஒன்று தெரியும்: மேலே போகப்போக அதே சேலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது, வரும்போதெல்லாம் வேறாக. முதலில் வீடு, பிறகு தெரு, பிறகு ஊர், கடைசியில் வெறும் வெளுப்பு.

கர்நாடக இசைக் கச்சேரி கேட்பவர்களுக்கு இது பழகியதுதான். பல்லவியின் ஒரே வரியைப் பாடகர் திரும்பப் பாடுவார். சொல் மாறாது, ஒவ்வொரு முறையும் ஒரு வளைவோ நெளிவோ கூடும். சங்கதி என்பார்கள். பேச்சுத் தமிழில் ‘சங்கதி’ என்றால் விஷயம் என்றும் ஆகிறதே, அந்தப் பொருத்தத்தில் எனக்கொரு சந்தோஷம்.

வளைவுக்கு ஒரு தரம் ஒரே வாக்கியத்தை எழுதுங்கள். உவமை, வர்ணனை கூடாது, ஒரு செய்தி மட்டும் கூட்டலாம். நான் ஒருமுறை எழுதியது இப்படிப் போயிற்று:

அப்பா கதவைத் திறந்தார்.

யார் என்று கேட்காமலே அப்பா கதவைத் திறந்தார்.

யார் என்று கேட்காமலே, சங்கிலியைக் கழற்றாமல் அப்பா கதவைத் திறந்தார்.

யார் என்று கேட்காமலே, சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்த அப்பா, எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

நாலாவது வளைவிலேயே எனக்குத் தெரியாத ஒருவர் அந்த வாசலில் வந்து நின்றுவிட்டார். தலைசுற்றல் உள்ளவர்கள் இதைப் பஸ்ஸில் செய்யாமல், மேலே போய் லேடீஸ் சீட் காட்சிமுனையில் உட்கார்ந்து கீழே தெரியும் பாதையைப் பார்த்துச் செய்யலாம்.

மேலே போனதும் காதுக்கு வேலை

இயர்போனைப் பையில் போடுங்கள். எஸ்டேட் ஓரமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிற ஒலிகளைத் தூரத்து வரிசைப்படி எழுதுங்கள். சில்வர் ஓக் இலை, மிளகுக்கொடியில் குருவி, எங்கோ மரம் அறுக்கும் சத்தம், அதற்கும் அப்பால் வளைவில் லாரியின் ஹாரன். கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் காபி பூக்கும். அப்போது போக வாய்த்தால் மல்லிகை போன்ற அந்த மணத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் கதையில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், பட்டவன் சொல்கிறேன்.

இரவில் ஒரே ஒரு கீர்த்தனை

தி.ஜானகிராமனின் ‘செய்தி’ சிறுகதையைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இடம் எளிது. ஒரு நாகஸ்வர வித்வான் சாமா ராகத்தில் தியாகராஜர் கீர்த்தனை வாசிக்கிறார். பாட்டின் மொழி தெரியாத மேல்நாட்டு இசைக்காரர் உருகிப்போய், மறுபடி வாசிக்கக் கேட்கிறார். தி.ஜா. ராகத்தைப் பற்றிப் பாடம் நடத்துவதில்லை, கேட்பவனின் உடம்பை எழுதுகிறார்.

நீங்களும் வாத்திய இசை ஒன்றை மூன்று முறை கேளுங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டாம். அதே இசை ஒருவர் காதில் தற்செயலாக விழுகிறது: அவர் யார்? எந்த வேலையின் நடுவில் நிற்கிறார்? கலங்கியது யாருக்குத் தெரியக் கூடாது? கையை என்ன செய்கிறார்? ‘இனிமை’, ‘சோகம்’, ‘உருக்கம்’ மூன்றுக்கும் அன்றிரவு விடுமுறை.

சேர்வராயன் குகையும் ஒரு நினைவிடமும்

மலை உச்சியில், 1,600 மீட்டருக்கும் மேலே, குனிந்து போக வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். இங்குள்ள மலையாளி மக்கள் தமிழ் பேசுகிறவர்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஊர்ப் பெரியவர்கள் பொழுதிருந்து பேசினால் கேளுங்கள். அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள், சாமியை அலங்காரப் பொருளாக்காதீர்கள். முடிந்தால் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் விட்டதை மற்றவர் சேர்ப்பார், அந்த இடைவெளியில்தான் நமக்கு இடம். பிரிகிற அன்று கடைசித் தம்பி எதை எடுத்துக்கொண்டு போனான்?

ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்த பாதிரியார். 1882-ல் ஏற்காட்டில்தான் காலமானார். மாமனார் சொல் பொறுக்கினார், மருமகன் கல் பொறுக்கினார். நீங்கள் யாரோ செய்து, யாரோ தொலைத்த ஒரு பொருளை மலையில் தேடிக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இறங்கிய பிறகு

உடனே எழுத உட்கார வேண்டாம். கல்கிக்கு ‘சிவகாமியின் சபதம்’ மாமல்லபுரத்தில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்த ஒரு பொழுதில் முளைத்தது. 1944-ல் தொடராகத் தொடங்கும் வரை பல ஆண்டுகள் உள்ளேயே கிடந்தது. நமக்கு ஒரு வாரம் போதும். அதன் பிறகு நோட்டைத் திறந்து, இரண்டு தூண், தோசை, கதவு, கீர்த்தனை கேட்டவர், தொலைந்த பொருள் ஆகியவற்றில் எந்த இரண்டு ஒன்றோடொன்று பேசுகின்றன என்று பாருங்கள். மற்றதை அடுத்த கதைக்கு வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஏற்காட்டையே பார்த்திராத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “ஏற்காடு போகணும் போல இருக்கு” என்றால் நோட்டை மூடிவிட்டு மறுபடி சேலத்துக்கு டிக்கெட் எடுங்கள். “சரி, அந்தக் கதவைத் திறந்தவர் கடைசியில சங்கிலியைக் கழற்றினாரா?” என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள்.