மலைத்தீவும் அலைச்செலவும்

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்குப் பகுதியில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில், ரெயூனியன் என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,512 சதுரக் கிலோமீட்டர். கடலின் அடியிலிருந்து எரிமலைகள் கக்கிய குழம்பு உறைந்து உறைந்து உயர்ந்ததே இத்தீவு. அதன் நடுவே நிற்கும் பித்தோன் தெ நேழ் என்னும் சிகரம் ஏறத்தாழ 3,070 மீட்டர் உயரமுடையது. அதன் தீ அவிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. தென்கிழக்கிலுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்னும் மலையோ இன்றும் அடிக்கடி தீக்குழம்பைக் கக்குகின்றது. 1946ஆம் ஆண்டு முதல் இத்தீவு பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாக இருந்து வருகின்றது. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் வழியாகத் தமிழர் பலர் இங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் எழுப்பிய கோயில்களைக் கடற்கரை ஊர்களில் இன்றும் காணலாம்.

தீவின் மக்களுள் பெரும்பாலோர் கடலோரமாகவே வாழ்கின்றனர். தலைநகராகிய சேன் தெனியிலும் பிற கரையோர நகரங்களிலும் செல்பேசிக் கோபுரங்கள் நெருங்கி நிற்கின்றன. அங்கே கையிலுள்ள கருவி தடையின்றிப் பேசும்; படம் காட்டும்; வழி சொல்லும். ஆனால் இத்தீவைக் காண வருவோர் கரையோரத்திலேயே நின்றுவிடுவதில்லை. அவர்கள் நாடிச் செல்வது நடுவிலுள்ள மலைகளையே. அம்மலைத்தொகுதியில் மாபெரும் கிண்ணங்களைப்போல் குடைந்த பள்ளங்கள் மூன்று உள்ளன. அவற்றின் பெயர்கள் சிலாவோஸ், சலாசி, மஃபாத் என்பன. சிலாவோசுக்கு வண்டிப் பாதை உண்டு; அப்பாதையில் நானூறு வளைவுகள் என்பர். மஃபாத்துக்கு அதுவும் இல்லை. கால்நடையாகச் செல்லுதல் வேண்டும். அன்றேல் ஹெலிகாப்டரில் இறங்குதல் வேண்டும்.

முற்காலத்தில் தோட்ட முதலாளிகளிடமிருந்து தப்பி ஓடிய அடிமைகள் இம்மலைப் பள்ளங்களில் ஒளிந்து வாழ்ந்தனர். பின்தொடர்ந்து வந்தவர்களின் கண்ணுக்குப் படாதவாறு அவர்களைக் காத்தவை செங்குத்தான பாறைச் சுவர்களே. இன்று மஃபாத்தில் சில நூறு மக்கள் சிறு சிறு குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இவ்ரின் போசே என்னும் அஞ்சல்காரர் 1951 முதல் 1991 வரை நாற்பது ஆண்டுகள், கடிதப் பையைச் சுமந்து இக்குடியிருப்புகளுக்கு நடந்தே சென்று வந்தார். மழையிலும் மூடுபனியிலும் கணவாய்களை ஏறியிறங்கி அவர் கடந்த தொலைவைக் கூட்டினால், உலகைப் பன்முறை சுற்றி வந்த கணக்காகும். அவர் காலத்தில் செய்தி கால்களால் வந்தது. இப்போது அலைகளால் வருகின்றது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அஞ்சல்காரர் மலையைச் சுற்றி வளைந்து சென்றார். அலைக்கு அத்துணை வளைந்து செல்லும் வல்லமை இல்லை.

செல்பேசியும் கோபுரமும் ஒன்றோடொன்று பேசுவது மின்காந்த அலைகளால் ஆகும். இவ்வலைகள் பெரும்பாலும் ஒளியைப்போல நேர்க்கோட்டிற் செல்வன. விளக்கின் முன் கையை வைத்தால் சுவரில் நிழல் விழுகின்றதன்றோ? அவ்வாறே கோபுரத்திற்கும் செல்பேசிக்கும் இடையே ஒரு மலை குறுக்கிட்டால், அதன் மறுபுறத்தில் அலையின் நிழல் விழும். அலைநீளம் மிகுந்தவை மலை விளிம்பில் சற்றே வளைந்து பள்ளத்தினுள் இறங்கும். 800 மெகாஹெர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர்; 2,600 மெகாஹெர்ட்சு அலையின் நீளமோ 12 சென்டிமீட்டருக்கும் குறைவு. மிகுதியான செய்தியை விரைந்து சுமப்பது பெரும்பாலும் குறுகிய அலையே. மலையை ஓரளவேனும் தழுவிச் செல்வது நெடிய அலையே. ஆதலின், நகரத்தில் பாய்ந்தோடிய இணையம் மலையில் தள்ளாடி நடப்பது கருவியின் குற்றமன்று.

கோபுரத்தை மலைமீதே நிறுவிவிடலாகாதோ எனக் கேட்கத் தோன்றும். நிறுவலாம், ஆனால் கோபுரம் உண்ண மின்சாரம் வேண்டும். தீவின் பொது மின்கம்பிகள் மஃபாத்தை எட்டுவதில்லை. அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் கதிரவனின் ஒளியைக் கொண்டே மின்சாரம் ஆக்கிக்கொள்கின்றன. மஃபாத்தின் சில இடங்களில் அலை கிட்டுகின்றது; நூறு அடி தள்ளி நின்றால் மறைந்துவிடுகின்றது. பயணியருக்கு விடுதி நடத்திப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே பல. முன்பதிவு கேட்போர்க்கு விடையளிப்பதும், பொருள் கொண்டுவரும் ஹெலிகாப்டருக்குச் சொல்லியனுப்புவதும் அவர்களுக்கு இவ்வலையால் நடப்பவை. பயணிக்கு ஒருநாள் இடையூறாவது, அவர்களுக்கு அன்றாட வாழ்வு. புயற்காலத்தில் இந்நிலை கரையோரத்தாருக்கும் நேர்வதுண்டு. 2025 பிப்ரவரி 28ஆம் நாள் கரான்சு என்னும் புயல் தீவைத் தாக்கியபோது மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் பல ஊர்களில் அறுந்துபோயின.

இனி, பயணி விலை கொடுத்து வாங்குவது யாது எனக் காண்போம். திங்கள்தோறும் கட்டணம் செலுத்தும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல், முன்கூட்டியே பணம் கட்டி, கட்டிய அளவுக்கு மட்டும் இணையத்தைப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. சில நாளே தங்கும் பயணிக்கு இதுவே ஏற்றது. அடையாளச் சான்றைக் காட்டி ஒரு சிம் அட்டை வாங்கி, அதில் பணம் ஏற்றிக்கொண்டால் போதும். அப்பணத்திற்கு ஈடாக, மக்கள் ‘டேட்டா’ என வழங்கும் தரவு இத்தனை மெகாபைட் என அளந்து தரப்படும். ஏற்றிய பணத்திற்கு ஆயுளும் உண்டு. குறித்த நாள் கடந்தால் எஞ்சியது பயன்படாது. பெரும்பயணம் புறப்படுவோர் நம் முன்னோர் காலத்தில் கட்டுச்சோறு கட்டிச் சென்றனர். இதுவும் ஒருவகைக் கட்டுச்சோறே. வழியில் எவ்வளவு பசிக்கும் என்பதை அறியாதவன் அளவறிந்து கட்ட இயலாது.

அந்தப் பசியின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு குறுஞ்செய்தி சுமக்கும் செய்தியின் எடை 140 பைட். உரோமன் எழுத்துகளாயின் அதில் 160 அடங்கும்; தமிழ் போன்ற எழுத்துகளாயின் 70 குறிகளே அடங்கும். செல்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்று 35 இலட்சம் பைட் இருக்கலாம். அஃதாவது, ஒரு மலைக்காட்சியைப் படமெடுத்து அனுப்பும் செலவில் 25,000 குறுஞ்செய்திகளின் எடை அடங்கியுள்ளது. தெளிந்த காணொளியை ஒரு மணி நேரம் பார்த்தாலோ ஒரு கிகாபைட்டுக்கு மேலும், அஃதாவது நூறு கோடிப் பைட்டுக்கு மேலும், கரைந்துபோகும். ‘நலமாக இருக்கின்றேன்’ என்று வீட்டாருக்குச் சொல்ல எண்ணுபவனுக்கு இவற்றுள் எது போதும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்தக் கணக்கு எழுதப்படும் இடத்தையும் அறிந்துகொள்ளுதல் நன்று. பயணியின் கையிலும் அது எழுதப்படுவதில்லை. மலைமேல் நிற்கும் கோபுரத்திலும் எழுதப்படுவதில்லை. கோபுரங்களுக்கெல்லாம் அப்பால், இணையத்தோடு வலையமைப்பு கூடுமிடத்தில் ஒரு நுழைவாயில் நிலையம் உள்ளது. கணக்கு அங்கேயே எழுதப்படுகின்றது. பயணியின் இருப்பை வைத்திருக்கும் கணக்குக் கணினி அதனை ஒருமொத்தமாகத் திறந்துவிடுவதில்லை. களஞ்சியத்துக் கணக்கர் நெல்லை மரக்கால் மரக்காலாக அளந்து விடுவதுபோல, சிறு சிறு பங்காக நுழைவாயிலுக்கு விடுகின்றது. ஒரு பங்கு தீர்ந்தபின் அடுத்த பங்கு வழங்கப்படும். இருப்பு தீர்ந்ததும் வாயில் அடைக்கப்படும்.

மலை வழியில் இதனால் ஒரு தொல்லை விளைகின்றது. நுழைவாயிலைக் கடந்து புறப்பட்ட செய்தித் துணுக்கு, பயணி ஒரு வளைவு திரும்பி அலை நிழலுக்குள் புகுந்துவிட்டால், அவன் கருவியை வந்தடையாது. வந்தடையாததும் கணக்கில் ஏறிவிடக்கூடும். பாதி இறங்கிய படத்தைக் கருவி மறுபடி முதலிலிருந்து கேட்குமானால், அதற்கும் செலவு எழுதப்படும். இதனினும் கொடியது, பயணி அறியாமலே நிகழும் செலவாகும். அவன் கருவியைப் பையிலிட்டு நடந்துகொண்டிருப்பான். அதனுள் இருக்கும் செயலிகளோ தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். எடுத்த படங்களையெல்லாம் தொலைவிலுள்ள சேமிப்பகத்திற்கு ஏற்றும். ஊரில் வீட்டு இணையத்தில் இருந்தபோது துன்பம் தராத இப்பழக்கம், மலையில் கட்டுச்சோற்று மூட்டையில் விழுந்த ஓட்டையாகும். புறப்படுமுன் அமைப்புப் பகுதியில் இதனை நிறுத்திவைக்க ஒரு நிமிடமே ஆகும். ஆயினும் பலர் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுவதில்லை.

எந்த நாட்டுச் சிம் அட்டை என்பதும் ஆராயத்தக்கதே. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளுக்குள் ஒரு நாட்டின் அட்டையைப் பிற நாட்டில் பயன்படுத்தினால், நியாயமான வரம்புக்குள் கூடுதல் கட்டணம் வாங்கலாகாது என்னும் விதி 2017 சூன் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ரெயூனியன் பிரான்சின் பகுதியாதலின், ஐரோப்பாவிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் அப்பால் இருந்தும், அவ்விதி அங்கே செல்லும். ஆனால் பக்கத்துத் தீவாகிய மொரீசியசின் அட்டைக்கு அவ்வுரிமை கிடையாது. இந்திய அட்டைக்கும் கிடையாது. கடல்வழித் தொலைவு வேறு, கட்டண வழித் தொலைவு வேறு.

இப்போது, ஓர் இளைஞன் கோல் தே பஃப் என்னும் கணவாயில் வண்டியைவிட்டு இறங்கி, மஃபாத்திலுள்ள லா நூவேல் என்னும் குடியிருப்பை நோக்கி நடப்பதாகக் கொள்க. நடை ஏறத்தாழ இரண்டு மணி நேரம். காலையில் வானம் தெளிந்திருக்கும். நண்பகலுக்குள் முகில் ஏறிப் பள்ளத்தை நிரப்புவது அம்மலைகளின் வழக்கம். மழையோ சொல்லுந்தரமன்று. 1966 சனவரியில் இத்தீவின் ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் ஒரே நாளில், 24 மணி நேரத்துள், 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலக வானிலை அமைப்பின் ஏட்டில் அதுவே உச்ச அளவாகப் பதிவாகியுள்ளது. பாதை இரண்டாகப் பிரியுமிடத்தில் மூடுபனி சூழ்கின்றது. இளைஞன் கருவியை எடுத்து நிலப்படத்தைத் திறக்கின்றான். திரை வெறுமையாக இருக்கின்றது. இருப்பு தீர்ந்ததோ, அலை கிட்டவில்லையோ, அவன் அறியான். மேலும் பணம் ஏற்றலாமெனின், பணம் ஏற்றுவதற்கும் அலை வேண்டும்.

அவ்வெறுந்திரையின் நடுவே ஒரு நீலப்புள்ளி மட்டும் ஒளிர்வதைக் காணலாம். அவன் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி அது. ஜிபிஎஸ் என வழங்கும் முறையில், ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிகளைக் கருவி கேட்டுத் தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கின்றது. இதற்குக் காசில்லை, கோபுரமும் வேண்டுவதில்லை. தலைக்கு மேல் வானம் திறந்திருந்தால் பெரும்பாலும் போதும். இல்லாதது, புள்ளிக்குக் கீழே விரிய வேண்டிய நிலப்படமே. முந்தின நாள் மாலை சேன் தெனியிலோ சேன் போலிலோ, விடுதியின் இணையத்தில் அதனை இறக்கி வைத்திருந்தால், மூடுபனியிலும் அது விரிந்திருக்கும். காகித நிலப்படம் ஒன்று பையிலிருப்பின் இன்னும் நன்று. மலையேறிப் பழகியவர்கள் இன்றும் அதனைக் கைவிட்டாரில்லர்.

அவன் வழுக்கி விழுந்து கால் முறிந்ததெனில் செய்வது என்ன? 112 என்னும் அவசர எண்ணை அழைப்பதற்கு இருப்புப் பணம் தேவையில்லை. இருப்பு சுழியமாயினும் அழைப்பு செல்லும். தன் நிறுவனத்தின் அலை இல்லாவிடத்தில் வேறு நிறுவனத்தின் அலை இருப்பின், அதன் வழியாகவும் செல்லும். எவருடைய அலையும் எட்டாத பள்ளத்தில் மட்டும் 112உம் ஊமையாகும். ஆதலால் அழைக்க வேண்டியவனுக்கோ அவன் தோழனுக்கோ மேட்டை நோக்கிச் சில அடி ஏறும் வலிமையும், கருவியில் மின்னிருப்பும் வேண்டும். அலை கிட்டாத இடத்தில் கருவி கோபுரத்தை ஓயாது தேடித் தன் மின்கலத்தை விரைந்து தீர்த்துவிடும். அத்தகைய இடங்களில் விமானப் பயண நிலையில் அதனை வைத்தால் தேடுதல் நிற்கும். இடங்காட்டும் புள்ளியோ இன்றைய கருவிகளில் மறையாது.

மறுநாள் இளைஞன் மார்லா என்னும் குடியிருப்பைக் கடந்து, ஏறத்தாழ 2,080 மீட்டர் உயரமுள்ள தாயிபிக் கணவாயில் ஏறுகின்றான். பின்னே மஃபாத், முன்னே சிலாவோஸ். கருவியை விழிக்கச் செய்கின்றான். சற்று நேரத்தில் திரையின் மூலையில் ஒரு கோடு தோன்றுகின்றது. முந்தின நாள் அவன் அறிந்த பாடத்தால் படங்களின் தானேற்றம் நிறுத்தப்பட்டுள்ளது. நாற்பது படங்களும் பையிலேயே உறங்குகின்றன. ஒரு கோட்டளவு அலையில் இணையப் பக்கம் எதுவும் திறவாது. குறுஞ்செய்தி இணையத் தரவைத் தொடுவதேயில்லை. கருவியும் கோபுரமும் தமக்குள் அழைப்புக் குறிகளைப் பரிமாறும் மெல்லிய தடத்திலேயே அது சென்றுவிடும். அவன் ‘கணவாய் ஏறிவிட்டேன், நலம், மாலைக்குள் சிலாவோஸ்’ என்று எழுதி அனுப்புகின்றான். முகில் மேலேறி வருகின்றது. செய்தி சென்றதைக் கண்டபின் கருவியை மூடிப் பையிலிட்டு இறங்கத் தொடங்குகின்றான்.