பயனற்ற பாடம் உண்டா?

"இதைப் படித்து என்ன பிரயோஜனம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கூட்டலும் பெருக்கலும் கடைக்கு உதவும். எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துப் போடும் அல்ஜீப்ரா எதற்கு என்பது அவர்கள் கேள்வி. பல வீடுகளில் அதட்டலே இதற்கு விடை. கேள்வி தவறன்று, விடை சொல்லாமல் விடுவதே தவறு.

நாமும் இப்பாடத்தை வெறுத்தவர்களே. நமக்கு வாய்த்த உபாத்தியாயர் ஒருவர் கரும்பலகை நிறையச் சூத்திரங்களை எழுதி, "மனப்பாடம் செய்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு வருஷம் எழுதினோம், ஒன்றும் விளங்கவில்லை. மறு வருஷம் வந்தவரோ ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னார்.

ஒருவர் மௌத்தாகிறார். பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர். கடனும் வஸிய்யத்தும் போக மீதி 16,000 வெள்ளி. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கின்றனர். யாருக்கு எவ்வளவு?

வகுப்பு விழித்துக்கொண்டது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 2,000. மீதி 14,000. மகளுக்கு ஒரு பங்கென்றால் மகனுக்கு இரண்டு. "மகளின் பங்கு தெரியாது, அதற்கு 'க' என்று பெயர் வைப்போம்" என்றார். மகனுக்கு இரண்டு க, மகள்கள் இருவருக்கும் சேர்த்து இரண்டு க; ஆக நான்கு க 14,000. ஒரு க 3,500. மகளுக்கு 3,500, மகனுக்கு 7,000. தெரியாத ஒன்றைப் பெயரிட்டு அழைத்தால் அது வெளியே வந்துவிடும் என்று அன்று கண்டோம்.

அதன்பின்தான் சரித்திரம் சொன்னார். 9-ஆம் நூற்றாண்டில், கலீபா மஃமூன் காலத்துப் பக்தாதில், முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. வாரிசுரிமை, பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்கு வேண்டிய கணக்கு இது என்று அவர் முன்னுரையிலேயே கூறுகிறார். நூலின் ஏறக்குறையப் பாதி வஸிய்யத்து, வாரிசுக் கணக்குகளே.

பங்குக் கணக்குகள் முடிந்த பின்னும் நாம் நிறுத்தவில்லை. விடை காணும் இன்பத்திற்காகவே மேலும் போட்டோம். பயன் வாசலைத் திறந்தது. உள்ளே சென்றபின் பாடமே எங்களைப் பிடித்துக்கொண்டது.

ஆனால், முதல் வருஷத்திலேயே கணிதத்தைக் கைவிட்ட தோழர் சிலர் இரண்டாம் ஆசிரியரைக் காணவே இல்லை. மந்த புத்தியுள்ளவர் என்ற பெயருடன் பள்ளியை விட்டுப் போனார்கள். அவர்களிடம் குறைந்தது புத்தியன்று; பாடத்தின் கதையை எவரும் சொல்லவில்லை.

ஆகவே, போதிக்கும் அன்பர்களே! சூத்திரத்திற்கு முன், அது எந்தத் தேவையில் பிறந்தது என்று சொல்லுங்கள். பெற்றோர்களே! பிள்ளை "எதற்கு?" என்று கேட்டால் அதட்டாதீர்கள், உடன் அமர்ந்து விடை தேடுங்கள். அந்தக் கேள்வியிலேதான் கல்வி தொடங்குகிறது.