செவிலியர் பணியின் எல்லையும் நமது கடமையும்

கதிர் பிடிக்கும் காலத்தில் பாய்ச்சும் நீர் பயிருக்கு உயிராகும். அறுவடைக்கு நிற்கும் வயலில் தேங்கும் நீர் கேடாகும். மருந்தும் அத்தகையதே. எந்த மருந்தை, எவ்வேளையில், எவர் கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அவ்வரம்பு மீறப்படுமாயின் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் ஊராரும் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

எல்லை எது?

சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் கருவுற்ற தாய்மாரைப் பதிவு செய்கிறார், இரத்த அழுத்தம் பார்க்கிறார், தடுப்பூசி போடுகிறார், இரும்புச் சத்து மாத்திரை வழங்குகிறார். நோயை நிர்ணயித்துத் தம் பொறுப்பில் வைத்தியம் செய்வதோ, அறுவைச் சிகிச்சை செய்வதோ அவர் பணியன்று. கருக்கலைப்பைத் தகுதி பெற்ற மருத்துவரே செய்யலாம் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு பெறாதவர் மருத்துவத் தொழில் செய்வதை 2019-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது.

ஒரே மருந்து, இரு பயன்

ஆக்ஸிடோசின் என்னும் ஊசி மருந்தை எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு இதனைப் போட்டால் உதிரப்போக்கு தடைப்படும். பயிற்சி பெற்ற செவிலியர் இதைச் செய்யலாம் என 2010-ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டி கூறுகிறது. பிரசவ வலிப்பு கண்ட தாய்க்கு மக்னீசியம் சல்பேட் முதல் ஊசியைப் போட்டு, உடனே மருத்துவமனைக்கு அனுப்பவும் அவ்வழிகாட்டி இடந்தருகிறது. ஆகவே, செவிலியர் ஊசியைக் கையில் எடுத்ததைக் கண்டவுடன் குற்றமெனக் கூறுதல் தகாது.

ஆனால், பிரசவத்தை விரைவுபடுத்தவென்று குழந்தை பிறக்குமுன் வீட்டில் அதே ஆக்ஸிடோசினைப் போடுவது பெருந்தீங்காகும். கருப்பை கிழிந்து தாய் மாளலாம்; மூச்சுத் திணறிக் குழந்தை மடியலாம். இங்கே மீறப்படுவது வெறும் ஏட்டு விதியன்று; இரண்டு உயிர்களின் பாதுகாப்பு.

முறையீடு செய்யும் வகை

ஆபத்து நேர்ந்திருப்பின் முதலில் 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும், முறையீடு பிறகு. நாள், நேரம், இடம், செய்யப்பட்ட செயல், மருந்தின் பெயர், நோயாளிக்கு நேர்ந்தது ஆகியவற்றை எழுதுக. மருந்துக் குப்பியும் சீட்டும் இருந்தால் பத்திரப்படுத்துக. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தனித்தனியே குறித்தல் அவசியம்.

அரசுச் செவிலியரைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடமும், அங்கே பயன் கிட்டாவிடில் மாவட்டச் சுகாதார அதிகாரியிடமும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தனியார் மருத்துவமனையாயின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். மனுவின் நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளல் நலம். ஒரு பெண்ணின் நோயையோ கருவையோ கிராம சபையில் பகிரங்கமாகப் பேசலாகாது. அவள் சம்மதம் பெற்றே பெயரைக் குறிப்பிட வேண்டும்.

நம் பங்கு என்ன?

வரம்பு மீறலுக்குச் செவிலியர் மட்டுமே காரணமாவதில்லை. மருத்துவர் இல்லாத வேளையில், "ஊசி போட்டே ஆகவேண்டும்" என ஊர்ப் பெரியவர்களே வற்புறுத்துவதுண்டு. சில தனியார் மருத்துவமனைகளில் பயிற்சியற்ற பெண்களுக்குச் செவிலியர் உடை அணிவித்து வேலை வாங்குவதும் உண்டு. அங்கே முறையீடு அப்பெண்ணோடு நில்லாது, ஏவிய உரிமையாளரையும் சேர வேண்டும். மருத்துவர் பணியிடம் காலியாயிருப்பின், அதை நிரப்பக் கோரித் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவது பஞ்சாயத்தின் கடமை.

பகையால் எழுதும் பொய் மனு, நள்ளிரவிலும் நம் வீட்டுக்கு ஓடிவரும் நல்ல செவிலியரை மனந்தளரச் செய்யும். அஞ்சி மறைக்கும் மௌனமோ அடுத்த வீட்டுத் தாயைப் பலிகொள்ளும். இவ்விரண்டையும் தவிர்த்து, கண்டதைக் கண்டவாறு உரிய இடத்தில் உரைப்போமாக. அதுவே நம் தாய்மாரைக் காக்கும். நேர்மையான செவிலியருக்கும் அரணாகும்.