டயர் பாலிஷ்: மினுமினுப்பு குறைந்ததே நமக்கு லாபம்



பௌர்ணமி வந்தால் நம்ம திருவண்ணாமலைக்கு எத்தனை கார் வருது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கார்களெல்லாம் புழுதியோடு சும்மாதான் நிற்கின்றன. கார் கழுவும் தொழிலை நாம் எடுத்துச் செய்யலாமா என்று சில குழுக்கள் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். இடத்துக்கும் தண்ணீருக்கும் அனுமதி வாங்கும் வேலை இருக்கு, அதை வேறொரு மாதம் பார்ப்போம். கழுவுவது யாரும் சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. கடைசியாக டயருக்குப் பூசும் பாலிஷில்தான் பலர் பேரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்த மாதப் பாடம் அதைப் பற்றியே.

கடையில் டயர் பாலிஷ் என்று கேட்டால் இரண்டு ரகம் காட்டுவார்கள். ஒன்று பால் மாதிரி வெள்ளையாக, தண்ணீரோடு கலக்கக் கூடியதாக இருக்கும். இதை வாட்டர் பேஸ் என்பார்கள். இன்னொன்று எண்ணெய் மாதிரி வழவழவென்று, மூடியைத் திறந்தாலே பெட்ரோல் வாடை அடிக்கும். இரண்டிலும் பெரும்பாலும் மினுக்கைத் தருவது சிலிக்கான்தான். அதை எதில் கலந்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

எண்ணெய் ரகம் பூசினால் டயர் கண்ணாடி மாதிரி மின்னும். பார்த்ததும் பிடிக்கும். ஆனால் அந்தப் பிசுபிசுப்பு சீக்கிரம் காயாது. கார் வேகம் எடுத்ததும் தெறித்து, கதவுக்குக் கீழே கருப்புப் புள்ளியாக ஒட்டும். வெள்ளைக் கார் என்றால் செங்கம் தாண்டுவதற்குள்ளேயே ஓனர் கண்ணில் பட்டுவிடும். அப்புறம் அவர் அடுத்த பௌர்ணமிக்கு நம்மிடம் வண்டியை விடுவாரா? மின்னுகிற டயரில் புழுதியும் அப்பிக்கொள்ளும். நம்ம ஊர் ரோட்டில் ஒரே நாளில் செம்மண் நிறம் ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் நம்ம உடம்பு. நாள் முழுக்க குனிந்து அந்த வாடையைச் சுவாசித்தால் தலைவலி, மயக்கம் வரும். அது தீப்பிடிக்கும் பொருளும்கூட. ஆயுத பூஜை அன்று கழுவிய வண்டிக்குப் பக்கத்திலேயே கற்பூரம் ஏற்றுவார்களே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டப்பாவில் தீச்சுவாலை படம் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வாட்டர் பேஸ் ரகத்தில் 'மேட்' அல்லது 'சாட்டின்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். புது டயர் மாதிரி அடக்கமான கருப்பு வரும்.

காசு மிச்சம் என்று சிலர் கழிவு ஆயிலையும் டீசலையும் தொட்டுத் துடைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அது ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கழிவு ஆயில் தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது.

இனி பூசும் முறை. டயர் சூடு ஆறியிருக்க வேண்டும், வண்டி நிழலில் நிற்க வேண்டும். ஷாம்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் முதலில் பழுப்பு நுரை வரும். அது அழுக்கு மட்டும் இல்லை. ரப்பர் வெடிக்காமல் இருக்க டயர் செய்யும்போதே ஒரு மருந்து சேர்க்கிறார்கள். அது மெல்ல மேலே வந்து, காற்று பட்டுப் பழுப்பாகிறது. பழைய பாலிஷும் அதோடு சேர்ந்திருக்கும். நுரை வெள்ளையாகும் வரை தேய்க்கணும். இதில் அவசரப்பட்டால் மேலே எவ்வளவு நல்ல பாலிஷ் போட்டாலும் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். உண்மையைச் சொன்னால், பாதி அழகு இந்தத் தேய்ப்பிலேயே வந்துவிடுகிறது.

நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு, பாலிஷை ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து டயரின் பக்கவாட்டில் மட்டும் பூசுங்கள். டயர் மேலேயே ஸ்ப்ரே அடிக்காதீர்கள், பிரேக்கில் படும். பத்து நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். இந்தத் துடைப்புதான் மினுக்கைக் குறைக்கும், தெறிப்பதையும் தடுக்கும். விரல் வைத்துப் பாருங்கள், கருப்பு ஒட்டக் கூடாது. இன்னும் மங்கலாக வேண்டுமென்றால் தண்ணீர் கலக்கலாம், ஆனால் டப்பாவில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். கைக்கு ரப்பர் கிளவுஸ் போடுங்கள்.

ரோட்டில் பதியும் பட்டன் பகுதியில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் போடும்போது வழுக்கும். அந்தக் காருக்குள்ளே ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். பைக், ஸ்கூட்டர் டயருக்கு ஓனரே கேட்டாலும் பூசாதீர்கள். வளைவில் சாயும்போது டயரின் ஓரமும் ரோட்டில் பதியும். "ஆபத்துங்க அண்ணே, வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு குறையும் உண்டு. வாட்டர் பேஸ் மழையில் சீக்கிரம் போய்விடும். கார்த்திகை தீபம் வருவதே மழைக்காலத்தில். அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் பேச்சு வராது.

கணக்கும் பார்த்துவிடுவோம். டயருக்கு 10 மில்லி என்று வைத்தால் ஒரு காருக்கு 40 மில்லி. ஒரு லிட்டரில் 25 கார். வாங்கின விலையை 25ஆல் வகுத்தால் ஒரு காருக்கு ஆகும் பாலிஷ் செலவு தெரியும். அதையும் சேர்த்துத்தான் கூலி சொல்லணும். முதலில் ஒரு லிட்டர் வாங்கிப் பழகுங்கள். பெரிய கேனுக்காக உள்கடன் எடுக்க வேண்டாம்.

மிச்ச பாலிஷை கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வெள்ளையாக இருப்பதால் பிள்ளைகள் பால் என்று குடித்துவிடும். வாங்கின டப்பாவிலேயே மூடி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.