உப்பு நீரும் கோழியும் புகையும்

நம் மன்றத்து நண்பர்களில் சிலர் சென்ற ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். முனிர்க்காவில் நாங்கள் நால்வர் குடியிருக்கும் வாடகை வீட்டின் மொட்டை மாடியில் அன்று மாலை ஒரு சிறு விருந்து. உப்பு நீரில் ஊறவைத்துப் புகையூட்டிய கோழி பரிமாறப்பட்டது. பொன்னிறமாக இருந்தது, மணமோ தெருமுனை வரை சென்றது. பதினொருவர் உண்டோம். மறுநாள் பொழுது விடிவதற்குள் மூவர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டனர். அவர்களுள் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் செவ்வாய்க்கிழமைத் தேர்வை எழுத முடியாமற் போயிற்று. அந்தக் கோழியைச் சமைத்தவன் நான். இரசாயனத்தில் எம்.எஸ்ஸி. படிப்பவன் என்பதைச் சொல்லிக்கொள்ளவே அப்போது நாணமாக இருந்தது.

எந்தக் கிருமியினால் வந்த வினை என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் நான் செய்த பிழைகளை எண்ணிப் பார்க்கச் சோதனைச்சாலை தேவையில்லை. கோழியை ஒரு வாளி உப்பு நீரில் போட்டு, இரவு முழுவதும் அடுக்களை மேடையிலேயே வைத்திருந்தேன். மறுநாள் கடுகெண்ணெய் வந்த பழைய தகர டின் ஒன்றில் கரியைக் கனியவைத்து, மேலே மரத்தூளைத் தூவி, கோழியைக் கம்பியில் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரம் புகை காட்டினேன். நிறம் ஏறியதும் வெந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். உப்பு கிருமியைக் கொல்லும், புகையும் கொல்லும், இரண்டும் சேர்ந்தால் கேட்பானேன்? இதுதான் அன்று என் தர்க்கம்.

இந்தத் தர்க்கம் எனக்கு என் பாட்டியிடமிருந்து வந்தது என்று சொன்னால் பிழையாகாது. ஆட்டிறைச்சியைக் கயிறு போல நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடுவார். பானைக்குள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். நாகாலாந்திலிருந்து வந்து எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கியிருக்கும் தோழர் ஒருவரும் தம் வீட்டில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, பன்றியிறைச்சியை நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், புகையில் தொங்கவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார். ஆகவே, உப்பும் புகையும் பட்ட இறைச்சி கெடாது என்பதை ஒரு விதியாகவே மனத்தில் பதித்துவிட்டேன்.

நடந்ததைக் கேள்விப்பட்ட அத்தோழர் சிரிக்கவில்லை. "எங்கள் வீட்டு இறைச்சியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாயா? கட்டை போல இருக்கும். உன் கோழியில் சாறு சொட்டியதே!" என்றார். என் பிழை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. உப்புக்கண்டத்தையும் அந்தப் பரண் இறைச்சியையும் காப்பது உப்பும் புகையும் மட்டும் அல்ல. முதன்மையாகக் காப்பது உலர்ச்சி. கிருமிகள் பெருகுவதற்குத் தண்ணீர் வேண்டும். அதை வெயிலோ அடுப்பின் சூடோ வெளியேற்றிவிடுகிறது. எஞ்சியதை உப்பு பிடித்துக்கொள்கிறது. கோழியை உப்பு நீரில் ஊறவைப்பதோ இறைச்சிக்குள் தண்ணீரைக் கூட்டுவதற்காக. முன்னது இறைச்சியைக் காக்கும் முறை, பின்னது அதை மிருதுவாக்கும் முறை. இரண்டிலும் உப்பு இருப்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

சரி, உப்பு நீர் என்னதான் செய்கிறது? 'சவ்வூடு பரவல்' என்று உடனே விடை சொல்வோம். பள்ளியில் படித்த பாடம் அது. சற்று நின்று யோசித்தால் அந்த விடை உதைக்கிறது. வெளியே உப்பு மிகுதி, தசைக்குள்ளே குறைவு. அப்படியானால் தண்ணீர் உள்ளிருந்து வெளியே அல்லவா போக வேண்டும்? கோழித் துண்டை ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பாருங்கள். எடை கூடியிருக்கக் காண்பீர்கள். ஆகவே கதை வேறு. உப்பு கரைந்து சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்து தசைக்குள் பரவுகிறது. தசையிலுள்ள புரத இழைகள் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டவை. குளோரைடு அயனிகள் அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ள, எதிர்மின்னூட்டம் ஏறிய இழைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. கட்டு தளர்ந்து உப்புகிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்து தங்குகிறது. மயோசின் என்னும் புரதத்தின் ஒரு பகுதியும் கரைந்து இளகுகிறது. வேகும்போது சாதாரண இறைச்சி ஈரத்துணியைப் பிழிந்தாற்போல நீரை வெளியே தள்ளும். உப்பு ஏறியது அத்தனை எளிதில் விடாது. இழைகள் இவ்வாறு வீங்குவதை ஜெரால்டு ஆஃபர், ஜான் டிரினிக் என்னும் இருவர் 1983இல் நுண்ணோக்கியின் கீழேயே பார்த்து விவரித்தனர்.

இதில் இரசாயன மாணவர்களுக்கு ஒரு சிறு இன்பம் உண்டு. சமையற்காரர்கள் அனுபவத்தினால் கண்ட அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 60 கிராம் உப்பு. சோடியம் குளோரைடின் மூலக்கூறு எடை 58.5. அதாவது, கிட்டத்தட்ட ஒரு மோலார் கரைசல்! அவ்விருவர் ஆய்விலும் இழைகள் மிகுதியாக வீங்கியது ஏறத்தாழ இந்த அடர்வில்தான். இதைவிட மிகவும் கூட்டினால் வீக்கம் குறைகிறது, வாய்க்கும் கரிக்கும்.

கிருமியைப் பொறுத்தவரை இந்த ஒரு மோலார் பெரிய ஆயுதம் அன்று. நுண்ணுயிரியல் துறை நண்பர்களைக் கேளுங்கள்: ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் கிருமியைப் பிரித்தெடுக்க அவர்கள் பயன்படுத்தும் மானிட்டால் உப்பு அகாரில் 7.5 சதவிகிதம் உப்பு இருக்கிறது. மற்றவை அடங்கிக் கிடக்க, அது மட்டும் செழித்து வளரட்டும் என்பதற்காகவே அத்தனை உப்பு! பச்சைக் கோழியில் வழக்கமாகக் காணப்படும் சால்மொனெல்லாவும் ஆறு சதவிகித உப்பில் தளர்ந்து போகுமேயன்றிச் சாகாது. இறைச்சிக்குள் சென்றடையும் உப்போ இதனினும் மிகக் குறைவு. ஆகையால் ஊறும் நேரம் முழுவதும் கோழி குளிர்பெட்டியில், 4 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத அறைவாசிகள் இந்த முறையை விட்டுவிட்டு வறுவல் செய்து உண்பதே நன்று.

எத்தனை நேரம் ஊறவைப்பது? பரவல் என்பது சோம்பேறித்தனமான பயணம். அடால்ஃப் ஃபிக் 1855இல் வகுத்த விதிகளிலிருந்து தெரிவது இது: தடிப்பு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது. தொடைத் துண்டுகளுக்கு மூன்று நான்கு மணி போதும். முழுக் கோழிக்கு ஓர் இரவு வேண்டும். உப்பு நீரில் பட்டை, கிராம்பு, சோம்பு என்று கடையையே கொட்டுவோர் உண்டு. அவற்றின் மணப்பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீரில் கரையாதவை. மேற்பரப்பைத் தாண்டி உள்ளே செல்வது அரிது. நசுக்கிய பூண்டும் மிளகும் சிறிது வெல்லமும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இனிப் புகைக்கு வருவோம். மரம் மூன்று பொருள்களால் ஆனது: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். காற்று போதாமல் கனியும்போது முதலிரண்டும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தையும் கார்பொனைல் சேர்மங்களையும் தருகின்றன. இந்தக் கார்பொனைல்கள் புரதத்தோடு வினைபுரிந்துதான் அந்தப் பொன்னிறம் உண்டாகிறது. வெப்பம் இன்னும் ஏறும்போது லிக்னின் சிதைந்து குவாயகால், சிரிங்கால் என்னும் ஃபீனால்களைத் தருகிறது. புகையூட்டிய உணவின் மணம் பெரிதும் இவற்றுடையது. வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்திலும் குவாயகாலுக்குப் பங்கு உண்டு. தில்லி வந்தும் பில்டர் காப்பியை விடாத நமக்கு அது அந்நியமன்று.

ஃபீனால்களும் அமிலமும் கிருமிகளை ஓரளவு தடுப்பவையே. ஆனால் அவை படிவது தோலில். உள்ளே செல்வது மில்லிமீட்டர் கணக்கில். எலும்பை ஒட்டிய சதைக்குப் புகை வந்த செய்தியே தெரியாது. நிறமும் நம்மை ஏமாற்றும். நன்கு வெந்த கோழியிலும் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு தசை நிறமியோடு சேர்ந்து, தோலடியில் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்பதுண்டு. பச்சை என்று பயந்துவிடுவோம். வேகாத கோழியோ வெளியே பொன்போல மின்னும். கண் இங்கே சாட்சியாகாது. கோழியின் தடித்த பகுதியின் நடுவில், எலும்பைத் தொடாமல் வெப்பமானியைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். அந்தப் பழைய தகர டின்னில் பின்னொரு நாள் கோழிக்குப் பதிலாக ஓர் உருளைக்கிழங்கைத் தொங்கவிட்டு அளந்து பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்தும் அதன் நடுப்பகுதி 50 டிகிரியைத் தொடவில்லை. அன்று நான் கட்டியது அடுப்பன்று. கிருமிகளுக்கு ஒரு தொட்டில்.

புகைக்கு வேறொரு முகமும் உண்டு. புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடையே கரியினால் புற்றுநோய் வருவதை லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இலேயே எடுத்துக் காட்டினார். அரைகுறையாக எரியும் பொருள்களில் உண்டாகும் பென்சோபைரீன் போன்ற சேர்மங்களே அத்தகைய நோய்க்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் புகையூட்டிய இறைச்சியில் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்று 2014 முதல் விதி இருக்கிறது. கொழுப்பு நெருப்பில் சொட்டி எரிவதும், மரம் சுவாலையாக எரிவதும் இதைப் பெருக்கும். எனவே சுவாலை கூடாது, சொட்டலும் கூடாது, நெடுநேரப் புகையும் வேண்டாம். தச்சுப்பட்டறையில் அள்ளி வரும் தூளில் பிளைவுட்டின் பசையும் வார்னிஷும் கலந்திருக்கும். மாமரம் அல்லது கொய்யா மரச் சீவல் என்று தெரிந்தால் மட்டும் வாங்குக. கிடைக்காவிட்டால் சீனத்துச் சிச்சுவான் பகுதியார் வாத்துக்குச் செய்வது போலத் தேயிலைப் புகை காட்டலாம். மாணவர் அறையில் தேயிலைக்கா பஞ்சம்?

இவற்றையெல்லாம் எண்ணி நான் இப்போது கைக்கொள்ளும் முறை இது. தோலுடன் ஒரு கிலோ தொடைத் துண்டுகள் கேட்டு வாங்குகிறேன். உரித்துத் தருவதே இவ்வூர்க் கடைகளின் வழக்கம், ஆகவே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். குழாயடியில் பிடித்துக் கழுவுவதில்லை. தெறிக்கும் நீர் பக்கத்துப் பாத்திரங்களுக்கெல்லாம் கிருமியைப் பங்கிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பும் 30 கிராம் வெல்லமும் பூண்டும் மிளகும் சேர்த்துக் கொதிக்கவைத்து, முற்றும் ஆறிக் குளிர்ந்த பிறகே கோழியை அமிழ்த்துகிறேன். உப்பைக் கரண்டியால் அளக்காமல் நிறுக்க வேண்டும். கல்லுப்பும் தூளுப்பும் ஒரு கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை. குளிர்பெட்டியில் நான்கு மணி. பின் அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். குழம்புக்கு ஆகும் என்று எடுத்து வைக்கலாகாது.

இதற்கு அடுத்த படியில்தான் நான் ஊர் வழக்கத்தை மாற்றினேன். முதலில் புகை, பின் வேக்காடு என்பதை விட்டு, முதலில் வேக்காடு, பின் புகை. நம் இட்லிப் பானையில் துண்டுகளை அடுக்கி அரை மணி நேரம் ஆவியில் வேகவைக்கிறேன். வெப்பமானி 74ஐத் தாண்ட வேண்டும். தொடைக்கறி 80க்கு மேல் சென்றால் இன்னும் மிருதுவாகும், அதன் இணைப்புத் திசு கரைய அந்தச் சூடு வேண்டும். பிறகு மேல் ஈரத்தைத் துடைத்துக் காற்றாட விடுகிறேன். ஈரம் சொட்டச் சொட்டப் புகை காட்டினால் திட்டுத் திட்டாக நிறம் பிடித்துப் புளிப்படிக்கும். இரும்பு வாணலியில் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக விரித்து, இரண்டு மேசைக்கரண்டி மரச்சீவல். அல்லது தேயிலை, அரிசி, வெல்லம் மூன்றும் ஒவ்வொரு கரண்டி. மேலே சொட்டு விழாதிருக்க இன்னொரு தாள், அதன்மேல் கம்பித் தட்டு, தட்டில் கோழி. மெல்லிய புகை இழையிட்டதும் கனமான மூடியால் மூடி, விளிம்பில் பிசைந்த கோதுமை மாவை ஒட்டிவிடுகிறேன். இது இவ்வூர் தம் பிரியாணிக்காரர்களிடம் கற்றது. சிறு தீயில் பன்னிரண்டு நிமிஷம், தீயை அணைத்த பின் பத்து நிமிஷம். சன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நவம்பர் மாதத்தில் மாத்திரம் இந்தச் சோதனையை ஒத்திப் போடலாம். அப்போது ஊரே புகையூட்டப்பட்டுக் கிடக்கிறது.

மீந்தால் இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டிக்குள் வைத்து மூன்று நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும். புகைபட்டது என்பதற்காக ஒரு நாளும் கூட்டித் தர இயலாது. எலும்புகளை மிளகு ரசத்தில் போட்டுக் கொதிக்கவைத்தால் ரசத்திற்கு ஒரு புது மணம் வருகிறது. பாட்டியிடம் தொலைபேசியில் சொன்னேன், அவர் நம்பவில்லை.

சென்ற மாதம் அந்தத் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வாணலியைத் திறந்தபோது சற்றுத் தள்ளியே நின்றான். "அண்ணா, நானே பார்க்கிறேன்" என்று வெப்பமானியைக் கையில் வாங்கி ஐந்து துண்டுகளிலும் ஒவ்வொன்றாகக் குத்தினான். ஐந்தாவதில் 78 என்று உரக்கப் படித்த பிறகே தட்டை நீட்டினான்.