கதவுள்ள ஓர் அறை, ஆறு மணி நேரத்துக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கல்யாணமாகி ஒரு வருஷம். மாமனார், மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லாரும் இருக்கிற வீட்டில் தாழ்ப்பாள் சரியாக விழாத ஓர் அறை. ஒரு சனி, ஞாயிறு மலைமேல் இருக்கும் கரியாலூர் வரை போய் வர ஆசை. மலையில் தங்க இடம் கிடைக்குமா என்று தெரியாததால், கீழே கள்ளக்குறிச்சியில் சில மணி நேரத்துக்கு அறை எடுக்கலாமா என்று யோசித்திருக்கிறீர்கள். அதற்கு உங்கள் கணவர் சொன்ன பதிலையும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: "மணிக்கணக்குல ரூம் குடுக்கிற எடத்துக்கெல்லாம் குடும்பத்துப் பொண்ணு வருமா?"

தாராளமாக வரலாம். அவரிடம் இதையும் சொல்லுங்கள்: விடியற்காலை நாலரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, குளித்து, துணி மாற்றி, எட்டு மணிக்கு மலைக்குக் கிளம்புகிற குடும்பமும் மணிக்கணக்கில்தான் அறை எடுக்கிறது. மருத்துவமனைக்கு வந்தவர்கள், கல்யாண முகூர்த்தத்துக்கு வந்தவர்கள், பரீட்சை எழுத வந்த பிள்ளையோடு அப்பா, எல்லாரும் அப்படித்தான். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் எடுத்தால் அதில் என்ன தப்பு வந்துவிட்டது?

உங்களுக்குத் தனியாக எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இதே கேள்வியைத் தாலி இல்லாத ஜோடிகளும் கேட்கிறார்கள் என்பதுதான். அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். அவர்களுக்கு இடமிருந்தால் உங்களுக்கும் இருக்கும்.

2019 ஜூன் மாதம் கோயம்புத்தூரில் ஓயோ நிறுவனம் வழியாக வாடகைக்கு விட்டுவந்த ஒரு விடுதியில் போலீசும் வருவாய்த் துறையும் சோதனை போட்டார்கள். ஓர் அறையில் கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் இருந்தார்கள். வேறு அறையில் மது பாட்டில்கள் கிடந்தன. உடனே கட்டடத்துக்கு சீல் வைத்தார்கள். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் நீதிபதி எம்.எஸ். ரமேஷ் தீர்ப்பளித்தார்: கல்யாணமாகாத இருவர் விடுதி அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சேர்ந்து வாழ்வதே குற்றமில்லை என்னும்போது அறையில் தங்குவது எப்படிக் குற்றமாகும், முன்னறிவிப்பு இல்லாமல் மூடியதும் தவறு, சீலை அகற்றுங்கள். இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 2010இல், கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேசியதற்காக நடிகை குஷ்பு மீது போடப்பட்ட 23 வழக்குகளை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதே திசையில் பேசிவிட்டது. ஆனால் கீழே, லாட்ஜ் மேசைக்கு வந்து சேர இந்தச் செய்திகளுக்கு நிறைய நாள் பிடிக்கிறது.

தீர்ப்பை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். போலீஸ் உங்களைக் குற்றவாளியாக்க முடியாது என்பது வேறு, லாட்ஜ்காரர் அறை கொடுத்தே ஆக வேண்டும் என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லும் சட்டம் இல்லை. 2025 ஜனவரியில் அதே ஓயோ, உத்தரப் பிரதேசத்து மீரட்டில், ஜோடியாக வருகிறவர்கள் உறவைக் காட்டும் சான்று தர வேண்டும் என்று விதியை மாற்றியது. ஊர்க்காரர்களின் மனநிலையைப் பார்த்து அறை மறுக்க அங்குள்ள விடுதிகளுக்கு உரிமையும் கொடுத்தது. ஜோடிகளால் வளர்ந்த நிறுவனம் என்று ஊரே சொல்லும் ஒன்று இப்படிச் செய்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது எனக்கு. இருந்தாலும் ஒரு கோடு உண்டு. மதம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றைக் காட்டி விடுதிக்குள் விடாமல் தடுக்க அரசியலமைப்பின் 15(2) இடம் தரவில்லை. உங்கள் அடையாள அட்டையில் ஒரு பெயரும் கணவர் அட்டையில் வேறு மதத்துப் பெயரும் இருந்து, அதற்காகவே "ரூம் இல்ல" என்றால் அது வெறும் வியாபார விருப்பமாகாது.

லாட்ஜ்காரரைக் கொடுமைக்காரராகவும் நினைக்க வேண்டாம். அவருக்கு இரண்டு பயம். ஒன்று, 1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம். தன் கட்டடத்தில் அந்தத் தொழில் நடந்ததென்று வந்தால் அவர் சிறைக்குப் போகலாம், விடுதியும் மூடப்படலாம். இன்னொன்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம். பதினெட்டு நிரம்பாத பெண்ணோ பையனோ வந்து தங்கினால், அவர்கள் விரும்பித்தான் வந்தார்கள் என்ற பேச்சே எடுபடாது. அதனால்தான் இருவரின் அட்டையையும் கேட்கிறார், பிறந்த தேதியைப் பார்க்கிறார். அதைக் கேட்பது நியாயம். "மஞ்சக் கயிறு எங்கம்மா?" என்று கழுத்தைப் பார்ப்பதுதான் நியாயமில்லை.

மணிக்கணக்கில் அறை விடுவது ஜப்பானில் தனித் தொழிலாகவே வளர்ந்தது. காகிதச் சுவர் வீடு, மூன்று தலைமுறை ஒரே கூரையில். உங்கள் வீட்டுக் கதைதான். ஒசாகாவில் 1960களின் கடைசியில் 'லவ்' என்ற பெயரிலேயே ஒரு விடுதி வந்தது. 1973இல் டோக்கியோவில் கோட்டை மாதிரி ஒன்று எழும்பியது. வாசல் பலகையில் இரண்டு விலை: இளைப்பாறினால் ஒன்று, இரவு தங்கினால் ஒன்று. 1980களின் நடுவில் சட்டம் இறுகியதும் சுழலும் கட்டிலும் கூரைக் கண்ணாடியும் குறைந்தன, பெயர்ப் பலகைகள் அடக்கமாயின. கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் இன்று அங்கே சாதாரணமாகப் படுத்து எழுந்து போகிறார்கள். நம் ஊரில் பிரெவிஸ்டே போன்ற செயலிகள் மூன்று, ஆறு, பன்னிரண்டு மணி நேரம் என்று அறையை விற்கின்றன. அவற்றின் பட்டியல் சென்னையிலும் கோவையிலும் நீளமாக இருக்கும், கள்ளக்குறிச்சியில் நீங்கள் நினைப்பது போல இருக்காது. இங்கே செயலியை விட வாய்ப்பேச்சுதான் உதவும்.

பேச்சு எப்படி என்று சொல்கிறேன். தமிழ்நாட்டு பஸ் நிலைய லாட்ஜ்கள் பலவற்றில் இன்னமும் '24 மணி நேர செக்-அவுட்' என்ற நல்ல வழக்கம் இருக்கிறது. காலை ஐந்துக்கு எடுத்தால் மறுநாள் காலை ஐந்து வரை உங்களுடையது. பெரிய ஹோட்டல்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து கணக்கு; அங்கே விடியற்காலை போய் நின்றால் இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறினால் கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது இருட்டாகத்தான் இருக்கும். அவர்களுக்கு முதல் வகைதான் சரி. ரயிலில் வருகிறவர்கள் சின்னசேலத்தில் இறங்கலாம். சேலம் வழியாக வருபவர்கள் சேலம் சந்திப்பில் ரயில்வே ஓய்வறையைப் பார்க்கலாம். உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் இருந்தால் ஐஆர்சிடிசியில் பதிவு செய்துகொள்ளலாம்.

ஃபோனில் கேளுங்கள்: "நாங்க ரெண்டு பேரு, கணவன் மனைவி. காலைல வந்து மதியம் காலி பண்ணிடுவோம். அரை நாள் வாடகை உண்டா?" அரை நாளுக்குப் பாதி விலைதான் என்று அடித்துப் பேச வேண்டாம். ஆறு மணி நேரம் இருந்தாலும் படுக்கை விரிப்பைத் துவைக்கத்தான் வேண்டும், கக்கூஸைக் கழுவத்தான் வேண்டும். அவருக்கு மிச்சமாவது அந்த அறையை மாலை இன்னொருவருக்கு விடலாம் என்பது மட்டுமே. முக்கால் பங்குக்கு ஒப்புக்கொண்டால் நல்ல பேரம். பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தைப் போட்டால் விரலை வைத்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் ஆதாரில் இருப்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்து முகவரி. 'லோக்கல் ஐடி'க்கு ரூம் கிடையாது என்பது பல லாட்ஜ்களின் எழுதாத விதி. உள்ளூரில் வீடு இருக்கிறவருக்கு இங்கே என்ன வேலை என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் இடமில்லாதவருக்குத்தான் அறை வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை! அதனால் இதை முன்பே கேட்டுவிடுங்கள். செயலியில் தேடினால் 'லோக்கல் ஐடி ஏற்கப்படும்', 'ஜோடிகளுக்கு அனுமதி' என்ற குறிப்புகள் உண்டா என்று பாருங்கள். இருந்தாலும் ஒரு முறை கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். முடியவில்லையென்றால் ஆத்தூரோ சேலமோ போய்விடுவது நல்லது. அடுத்த மாவட்டம், அத்தை பெண்ணின் சிநேகிதி எதிரில் வரும் வாய்ப்பும் குறைவு.

இனி கரியாலூர். ஏற்காடு போல வரிசையாக விடுதிகள் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர். படகுத் துறை இருக்கிறது, பூங்கா இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. சுற்றிலும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், மரவள்ளிக் காடுகள். பெரியார் அருவி, மேகம் அருவி என்று நீர் விழும் இடங்கள் உண்டு. தங்குமிடங்கள் கொஞ்சம், அவற்றிலும் கோடை விழா நாட்களில் அதிகாரிகளின் வண்டிதான் நிற்கும். அங்கே போய் யாரிடமும் மணிக்கணக்கு பேச வேண்டாம். அது ஒரு சின்ன ஊர், எல்லாரும் எல்லாரையும் பார்க்கிற ஊர். அந்த மக்களின் வீடுகளை நம் வசதிக்கு லாட்ஜாக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. மலைக்குப் பகலைக் கொடுங்கள், அறைக்குக் கீழே வாருங்கள். இறங்கும் கடைசி பஸ் எப்போது என்பதைக் காலையில் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள்.

வழியில் பையைத் திறக்கச் சொன்னால் பதற வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, இந்த மலைப்பாதையில் போலீசுக்கு வேறு கவலை. அவர்கள் தேடுவது கேன்களை, உங்களை அல்ல. நீங்களும் யார் எதைக் கொடுத்தாலும் குடிக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அறை கிடைக்கவில்லை என்று அணைக் கரையிலோ, அருவிக்குப் பின்னாலோ, காட்டு வழியிலோ ஆளில்லாத இடம் தேடி உட்காராதீர்கள். ஜோடிகளுக்கு ஆபத்து அங்கேதான். ஃபோனில் படம் பிடித்து மிரட்டிக் காசு பறிப்பவன் அங்கே வருவான், நகையைக் கழற்றச் சொல்பவன் வருவான். பொது இடத்தில் ஆபாசம் என்று வழக்குப் போட பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவும் இருக்கிறது. பூட்டிய அறைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் 2015 ஆகஸ்டில் மும்பை மட் தீவுப் பக்கம் விடுதி அறைகளிலிருந்தே சுமார் நாற்பது ஜோடிகளை இழுத்துவந்து பொது இட அநாகரிகம் என்று அபராதம் போட்டார்கள். நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது. அடைத்த கதவுக்குப் பின்னால் இருப்பது பொது இடமாகுமா என்று அன்றே பலரும் கேட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் வாடகை கொடுத்துக் கதவைச் சாத்திக்கொள்வது ஆடம்பரம் என்று உங்கள் மாமியார் நினைக்கலாம். நான் அதைப் பாதுகாப்புச் செலவு என்று எழுதுவேன்.

அறைக்குள் போனதும் இரண்டு நிமிஷம் செலவழியுங்கள். தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா, ஜன்னல் மூடுகிறதா. கட்டிலைப் பார்த்தபடி இருக்கும் கடிகாரம், புகை உணர்வி, செட்-டாப் பாக்ஸ், குளியலறை ஹீட்டர் பக்கம் தேவையில்லாத ஓட்டை. விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் கேமரா வழியாகச் சுற்றிலும் பாருங்கள். மறைத்து வைத்த சில கேமராக்களின் அகச்சிவப்புப் புள்ளி திரையில் தெரியும். ஏதாவது கண்டால் தொடாமல் படமெடுத்து 112ஐ அழையுங்கள். ஒளிந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். இணையத்தில் வெளியாகிவிட்டதென்றால் 1930. பெண்களுக்குத் தனியாக 181. அடையாளத்துக்கு ஆதாரேதான் வேண்டும் என்பதில்லை, வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ போதும். ஆதார்தான் கைவசம் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். நகலின் மேல் தேதியையும் விடுதிப் பெயரையும் எழுதிக் கொடுங்கள், வேறெங்கும் பயன்படாமல் போகும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வரி. கணவரோ மனைவியோ சிங்கப்பூர், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் விடுதி அரசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். சிறு லாட்ஜ்கள் அந்தத் தொல்லைக்குப் பயந்தே அறை இல்லை என்பார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாதி மறுத்து மணந்து, தேடுகிற கூட்டத்துக்குப் பயந்து தங்க இடம் கேட்பவர்களுக்கு லாட்ஜ் அறை ஓர் இரவுக்கு மேல் உதவாது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டம்தோறும் இதற்கெனச் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று சொன்னது. நேரே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

உங்களுக்குக் கடைசியாக ஒன்று, தங்கை. ஃபோன் பேசுவதை உங்கள் கணவரிடம் விடுங்கள். கூச்சம் அவருக்குத்தான் அதிகம் என்று கடிதத்திலேயே தெரிகிறது, ஒரு தடவை கேட்டு, எதிர் முனையில் இருப்பவர் சாதாரணமாக "ஏசியா, நான்-ஏசியா சார்?" என்று கேட்டுவிட்டால் பாதி போய்விடும். பதிவேட்டில் மட்டும் அவர் பெயருக்குக் கீழே 'மற்றும் ஒருவர்' என்று எழுத விடாதீர்கள். உங்கள் பெயரை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா