பிள்ளை பல்லைத் தின்னுமா?

நாமக்கல்லில் ஹார்மோன் என்று வாயெடுத்தாலே பேச்சு பிராய்லர் கோழிக்குப் போய்விடும். கோழி ஊசியால் கொழுக்கிறது என்பார்கள். ஊசி இல்லை, இனத்தேர்வும் தீவனமும்தான். ஹார்மோனை உண்டு செழிக்கிற ஜீவன் உண்மையிலேயே ஒன்று உண்டு. அது இருப்பது கோழிப்பண்ணையில் அல்ல, நம் பல்லிடுக்கில்.

நம்பிக்கை: வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சும், அதனால்தான் மாசமாக இருப்பவளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வருகிறது.

உண்மை: பல்லில் ஏறிய சுண்ணாம்பு ரத்தத்துக்குத் திரும்ப வழியில்லை. பிறக்கும் பிள்ளையின் உடம்பில் இருக்கும் சுமார் 30 கிராம் சுண்ணாம்புச் சத்து, தாய் சாப்பிட்டதிலிருந்து போனது. போதாவிட்டால் அவள் எலும்பிலிருந்து.

ரத்தத்துக்குக் காரணம் வேறு. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பல மடங்கு ஏறுகின்றன. ஈறோரம் கசியும் நீரிலும் அவை இருக்கும். அங்கே குடியிருக்கிறது பிரிவோடெல்லா இன்டர்மீடியா என்ற பாக்டீரியா. ஆய்வகத்தில் ரத்தம் கலந்த தட்டில் வளர்த்தால் கறுப்புப் பொட்டுகளாகப் படரும். அது பெருக வைட்டமின் கே போன்ற பொருள் வேண்டும். கிடைக்காவிட்டால் இந்த ஹார்மோன்களையே வைத்துச் சமாளித்துக்கொள்ளும். 1980களின் தொடக்கத்தில் கோர்ன்மேன், லோஷே என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியது இது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதற்கு ஒத்து ஊதவில்லை. ஹார்மோன் ஈற்றின் ரத்தக்குழாய்களையும் இளக்கிவிடுகிறது என்பதால், கிருமி மேல் மட்டும் பழிபோட மாட்டேன். டெஸ்டோஸ்டிரோனை உருமாற்றும் ஈற்றுக் கிருமிகளும் உண்டு. ஆண்கள் சிரிக்க வேண்டாம்.

நம்பிக்கை: ரத்தம் வந்தால் பிரஷ்ஷைத் தொடாதே, வாய் கொப்புளித்தால் போதும்.

எனக்குக் கோபம் வருவது இதில்தான். பல்லும் ஈறும் சேரும் இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். ஈரமாவு போல வெள்ளையாக ஒட்டும். அந்தப் படலம்தான் கிருமியின் வீடு. தேய்க்காமல் விட்டால் தடிக்கும், ரத்தம் இன்னும் கூடும். படலம் இல்லாத வாயில் ஹார்மோன் எவ்வளவு ஏறினாலும் ஈறு பெரும்பாலும் சும்மா இருக்கும். மென்மையான பிரஷ், தினம் இரண்டு வேளை. வாந்தி எடுத்த கையோடு மட்டும் தேய்க்காதீர்கள். தண்ணீரில் கொப்புளித்து அரைமணி நேரம் பொறுங்கள்.

மாசமாக இருக்கும்போது பல் டாக்டரிடமே போகக் கூடாது என்பதும் கதைதான். கறை எடுப்பதற்கு 4 முதல் 6 மாதம் வரை நல்ல காலம். சேலம் அரியானூரிலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது நர்ஸம்மாவிடம் ஈற்று ரத்தத்தையும் சொல்லுங்கள்.